ஃபேன் ஓடுகிற வீட்டில் ஹெட்போனா, ஐ.இ.எம்.மா?

பாட்டு கேட்பதற்கென்றே கொஞ்சம் பணம் ஒதுக்கத் துணிந்தவர்கள் எல்லோரும் முதலில் வந்து நிற்கிற இடம் இது: காதை முழுக்க மூடும் பெரிய ஹெட்போன் வாங்குவதா, காதுக்குள் செருகும் ஐ.இ.எம். (இன்-இயர் மானிட்டர்) வாங்குவதா? யூடியூப் விமர்சனங்களில் பேச்சு உடனே டிரைவர் (ஒலியை எழுப்பும் உறுப்பு), டியூனிங், சவுண்ட்ஸ்டேஜ் என்று போய்விடும். எந்த அறையில், எந்த மாதத்தில், எந்தச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து கேட்கப் போகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. என் கணக்கில் பாதி முடிவு அந்தக் கேள்வியிலேயே ஆகிவிடுகிறது. குளிர்நாட்டுக்காரர் ஜன்னலை அடைத்துவிட்டு அமைதியான அறையில் உட்கார்ந்து சொல்லும் தீர்ப்பு, சித்திரை மாதத்து மதுரைக்கு அப்படியே பொருந்தாது. ஃபேனை அணைத்துவிட்டு ஒரு ராக ஆலாபனையை முழுசாகக் கேட்க முடிகிற வீடுகள் இங்கே எத்தனை இருக்கும்?

இரண்டு சாதனங்களும் பிறந்த இடம் வேறு. ஐ.இ.எம். மேடையிலிருந்து வந்தது. ராக் கச்சேரிகளில் பாடுகிறவருக்குத் தன் குரல் தனக்கே கேட்க வேண்டும் என்பதற்காக மேடையிலேயே ஸ்பீக்கர் வைப்பார்கள். டிரம்ஸ் சத்தத்தை மீறிக் கேட்க அதை ஏற்றுவார்கள், அது கிடாரை விழுங்கும், கிடாரை ஏற்றுவார்கள். இந்தப் போட்டியில் பலருக்குக் காதே கெட்டுப்போனது. வான் ஹேலன் என்ற அமெரிக்க ராக் குழுவுக்கு இந்த மேடை ஒலியைக் கவனிக்கும் மானிட்டர் பொறியாளராக இருந்த ஜெர்ரி ஹார்வி, டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காகக் காதுக்குள் பொருந்தும் ஒரு கருவியைச் செய்துகொடுத்தார். அதிலிருந்துதான் 1995இல் அல்டிமேட் இயர்ஸ் நிறுவனம் முளைத்தது. அதற்கு முன்பே, 1991இல், அமெரிக்காவின் எட்டிமோட்டிக் நிறுவனம் இஆர்-4 என்ற இயர்போனை விற்கத் தொடங்கியிருந்தது. அதன் பின்னால் இருந்த மீட் கில்லியன், காது கேட்கும் கருவித் துறையிலிருந்து வந்தவர். அந்தக் கருவிகளில் பயன்பட்ட பேலன்ஸ்டு ஆர்மச்சர் என்ற அரிசியளவு டிரைவரே இஆர்-4க்குள்ளும் இருந்தது. இரண்டு வழியிலும் வெளிச்சத்தத்தை அடைப்பதுதான் முதல் வேலை, இசை அதற்கப்புறம்.

பெரிய ஹெட்போன் இதற்கு நேர்மாறாக வளர்ந்தது. 1958இல் மில்வாக்கியில் ஜான் காஸ் தன் எஸ்பி/3 மாடலைக் காட்டிய நாளிலிருந்து ஸ்டீரியோ ஹெட்போன் வீட்டுக்குள் நுழைந்தது. அந்தக் காலத்து ஹெட்போன்கள் கனமானவை, காதை இறுக்கி அடைப்பவை. 1968இல் ஜெர்மனியின் சென்ஹைசர் எச்டி 414ஐ வெளியிட்டபோது டிரைவருக்குப் பின்பக்கத்தைத் திறந்தே விட்டது. மஞ்சள் ஸ்பாஞ்சு வைத்த அந்த ஹெட்போனில் காற்றும் போய்வந்தது, சத்தமும் போய்வந்தது. ஓபன் பேக் என்று இன்று சொல்கிற வகை அங்கே தொடங்கியது. 1997இல் வந்த அதே நிறுவனத்தின் எச்டி 600 இன்றைக்கும் விற்பனையில் இருக்கிறது, இன்றைக்கும் பலர் ஒப்பிட்டுப் பார்க்கிற அளவுகோலாக இருக்கிறது. எலக்ட்ரானிக் பொருள்களில் இவ்வளவு ஆயுள் அபூர்வம்.

ஓபன் பேக் கேட்கிறவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்வது, பாட்டு தலைக்கு வெளியே ஒலிப்பதுபோல இருக்கிறது என்பது. இதில் மிகை கொஞ்சம் உண்டு. எந்த ஹெட்போனும் எதிரே பாடகரை உட்காரவைத்துவிடாது. ஆனால் காரணமில்லாமல் சொல்வதும் இல்லை. வெளியிலிருந்து வரும் ஒலி நேராகப் போய்ச் செவிப்பறையில் விழுவதில்லை. காது மடலின் மேடுபள்ளங்களில் பட்டுத் தெறித்து, சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள காதுக் குழாய்க்குள் நுழைந்து, அதற்கப்புறம்தான் செவிப்பறைக்குப் போகிறது. ஒரு முனை திறந்து மறுமுனை அடைபட்ட அந்தக் குழாய், 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளைத் தானாகவே தூக்கிக் கொடுக்கும். மடலும் சேர்ந்தால் அந்த இடத்தில் ஏற்றம் 10 டெசிபெலுக்கு மேல் போகும். அதற்கு மேலே உள்ள ஒலிகளில் மடல் செய்யும் வேலை ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் மடலின் சுழிவுகள் செய்கிற மாற்றத்துக்கு உங்கள் மூளை குழந்தைப் பருவத்திலிருந்தே பழகியிருக்கிறது. ஒலி முன்னாலா, பின்னாலா, மேலேயா என்று அது கண்டுபிடிப்பதில் அந்த மாற்றத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

பெரிய ஹெட்போனில் மடல் முழுசாக உள்ளே இருக்கிறது. ஒலி பக்கவாட்டிலிருந்துதான் வருகிறது என்றாலும் உங்கள் மடலைத் தொட்டுத்தான் உள்ளே போகிறது. ஐ.இ.எம். மடலைத் தாண்டிப் போய்க் குழாய்க்குள் நின்றுகொள்கிறது. குழாயின் வாயையும் அடைத்துவிடுவதால், அது இயல்பாகத் தரும் 3,000 ஹெர்ட்ஸ் ஏற்றமும் போய்விடும். ஆகவே ஐ.இ.எம். வடிவமைப்பவர் மடலும் குழாயும் செய்திருக்க வேண்டிய வேலையை டிரைவரிடமிருந்தே வாங்க வேண்டும். யாருடைய காதை வைத்து? ஒரு சராசரிக் காதை வைத்துத்தான். 711 என்று துறையில் பேர் வாங்கிய செயற்கைக் காதில் பொருத்தி அளந்து பார்த்து, எந்த ஒலி எவ்வளவு பலமாகக் கேட்க வேண்டும் என்று காட்டும் ஒரு இலக்கு வளைவுக்கு ஏற்பத் திருத்துவார்கள். அந்த இலக்குகளில் பேர் பெற்றது ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் 2010களில் பலரைக் கேட்கவைத்துச் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. ஹெட்போனுக்கு ஒன்று, இயர்போனுக்கு ஒன்று என்று தனித்தனி வளைவு. இயர்போன் வளைவில் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, இன்னும் தூக்கலாக இருக்கும்.

சராசரிக் காதுக்குப் பக்கத்தில் உங்கள் காது இருந்தால் ஐ.இ.எம். பிரமாதமாகக் கேட்கும். தள்ளி இருந்தால், ஊரே மெச்சிய மாடல் உங்களுக்கு மட்டும் கூசும். காதுக்குள் எவ்வளவு ஆழம் போகிறது என்பதைப் பொறுத்து 8,000 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் எழும் ஒரு கூர்முனை முன்னே பின்னே நகரும். தாளத்தட்டும் ‘ஸ’கரமும் காதைக் குத்துகிறது என்று சிலர் சொல்வது பெரும்பாலும் இதனால்தான். அவர்களுக்கு ரசனை குறைவு என்று வாதாடுவது வீண் வேலை. குழாயின் நீளம் வேறு, அவ்வளவுதான்.

இனி ஃபேன். சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுற்றும் அறையில் 50 டெசிபெலை ஒட்டிய சத்தம் இருப்பது சகஜம். தெருப்பக்கம் ஜன்னல் திறந்திருந்தால் அதற்கு மேலும் போகும். ஒரு கச்சேரிப் பதிவை நிதானமான அளவில், பாடகர் குரல் 70 டெசிபெல் இருக்கும்படி வைத்துக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். அதைவிட 25 டெசிபெல் கீழே தம்புரா ஒலிக்கிறது என்றால் அது 45இல் நிற்கிறது. ஃபேனுக்கு அடியில் போய்விட்டது. பாடகர் மூச்சு வாங்குகிற இடைவெளியில் தம்புராவின் ரீங்காரம் எழும்ப வேண்டிய இடத்தில் ‘ஹ்ஹ்ஹ்’ என்று இறக்கைச் சத்தம்தான் எழும்பும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் கும்கி என்ற இழுத்த ஓசை கொடுத்து மிருதங்கக்காரர் கையை எடுத்த பிறகு அந்த ஓசை நீண்டு அடங்குவதும் அதே கதி. ஓபன் பேக் ஹெட்போனுக்கு வெளிச்சத்தத்தைத் தடுக்கும் சக்தி ஏறக்குறைய இல்லை. இருபதாயிரம் முப்பதாயிரம் கொடுத்து வாங்கிய நுணுக்கத்தில் கணிசமான பகுதியை ஆயிரத்துச் சொச்ச ரூபாய் ஃபேன் எடுத்துக்கொண்டு போகிறது.

இதைச் சரிகட்ட நாம் செய்வது சத்தத்தைக் கூட்டுவது. நம்மை அறியாமலே நடக்கும். இரவில் ஃபேன் வேகத்தைக் குறைத்த பிறகு அதே பாட்டு திடீரென்று கத்துவதுபோல் இருக்கும், கவனித்திருப்பீர்கள்.

ஒழுங்காகப் பொருந்திய ஐ.இ.எம். வெளிச்சத்தத்தில் 20 டெசிபெல் அளவுக்காவது வெட்டிவிடும். 50இல் இருந்த ஃபேன் 30க்கு இறங்கினால் தம்புரா மேலே வந்துவிடும். ஆழமாகச் செருகும் மூன்றடுக்கு டிப் (காதுக்குள் போகும் ரப்பர் முனை) போட்ட எட்டிமோட்டிக் வகைகள் 35 டெசிபெலுக்கு மேல் அடைப்பதாக அந்த நிறுவனமே சொல்கிறது. சின்ன ஸ்பீக்கர் மாதிரி இயங்கும் டைனமிக் டிரைவர் வைத்த ஐ.இ.எம்.களில் காற்று போக ஒரு சின்னத் துளை இருக்கும், அவை அந்த அளவுக்கு அடைக்காது. இருந்தாலும் ஓபன் பேக்கோடு ஒப்பிட இடமே இல்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் கேட்பது பெரும்பாலும் இந்தப் பத்து இருபது வருடத்துத் திரைப்பாடல்கள் என்றால் ஃபேன் அவ்வளவு கெடுதல் செய்யாது. அவற்றில் மெல்லிய ஒலியும் பலத்த ஒலியும் ஒன்றையொன்று நெருங்கும்படி இறுக்கித்தான் மாஸ்டரிங் செய்கிறார்கள். பல்லவியிலிருந்து சரணம் வரை எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கும். ஃபேனுக்கு அடியில் போவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. நேரடிக் கச்சேரி, வீணை, மேற்கத்திய சிம்பொனி, பழைய ஸ்பூல் டேப்பிலிருந்து மாற்றிய வானொலிப் பதிவுகள் ஆகியவற்றில்தான் அறையின் அமைதி காசுக்குச் சமம்.

அப்படியானால் பின்பக்கம் மூடிய குளோஸ்டு பேக் ஹெட்போன் வாங்கினால் போயிற்று என்று தோன்றும். பெரியதும் ஆயிற்று, அடைப்பதும் ஆயிற்று. பாட்டு கேட்பதற்கென்று நம் ஊரில் நான் கடைசியாகச் சிபாரிசு செய்வது இதைத்தான். ரெக்சின் போன்ற உறை போட்ட பேட் காதைச் சுற்றி அழுத்தி உட்கார்ந்ததும் உள்ளே வேர்க்கத் தொடங்கும். அரை மணியில் கழற்றிக் காதைத் துடைக்க வேண்டியிருக்கும். கடலோர ஈரப்பதத்தில் அந்த உறை ஒன்றிரண்டு வருடத்தில் உரிந்து, கறுப்புச் செதில் செதிலாகக் கன்னத்தில் ஒட்டும். பேட் தேய்ந்தால் காதுக்கும் டிரைவருக்கும் இருக்கும் தூரம் குறைந்து ஒலியே மாறிவிடும். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தால் அதன் கம்பி நுழையும் இடத்தில் இடுக்கு விழுந்து பேஸ் கசியும்.

தோடு விஷயத்தை எந்த விமர்சனத்திலும் நான் பார்த்ததில்லை. கல் வைத்த தோடோ ஜிமிக்கியோ போட்ட காதின்மேல் பெரிய ஹெட்போன் அழுத்தினால் திருகாணி காதுக்குப் பின்னால் குத்தும். மாட்டல் போட்டவர்களுக்கு ஐ.இ.எம். கேபிளும் தொந்தரவுதான், அதுவும் காதுக்கு மேலே சுற்றித்தான் போகும், இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். கொண்டை போட்டு அதில் பூவும் வைத்திருந்தால் ஹெட்பேண்டை எங்கே உட்காரவைப்பது? இப்படிப்பட்டவர்களுக்குக் காதுக்கு மேலே சுற்றாமல் நேராகத் தொங்கும் புல்லட் வடிவ இயர்போன் பரவாயில்லை. மைக்ரோபோன்கூடத் தேவையில்லாத, வெறும் பாட்டுக்கான புல்லட் மாடல்கள் இன்னும் கிடைக்கின்றன.

ஐ.இ.எம்.மின் எல்லாச் சிக்கலும் ஒரு சின்ன ரப்பர் டிப்பில் இருக்கிறது. காதுக் குழாய்க்கும் டிரைவருக்கும் நடுவே அடைபட்ட காற்று ரொம்பக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை அசைக்கப் பத்து மில்லிமீட்டர் டிரைவர் தாராளம். அதனால்தான் இவ்வளவு சின்னக் கருவி 20 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்குகிறது. எச்டி 600 அந்த ஆழத்தில் நன்றாகவே நழுவிவிடும். ஆனால் டிப்பின் ஓரத்தில் நூலளவு இடைவெளி விழுந்தாலும் ஐ.இ.எம்.மில் பேஸ் முழுக்க வெளியே போய்விடும். ‘பேஸே இல்லை, தகர டப்பா மாதிரி இருக்கிறது’ என்று திருப்பி அனுப்பப்படும் ஐ.இ.எம்.களில் எத்தனையோ இந்த ஒரு காரணத்தால் போகின்றன என்பது என் ஊகம்.

பொருத்துகிற விதம் உண்டு. வலது காதில் வைக்கும்போது இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் வலது மடலை மேலேயும் பின்னாலேயும் இழுத்துப் பிடியுங்கள். குழாய் நேராகும். வலது கையால் ஐ.இ.எம்.மை உள்ளே வைத்து லேசாகத் திருகி, மடலை விடுங்கள். அறைச் சத்தம் சட்டென்று அமுங்க வேண்டும். அமுங்காவிட்டால் டிப் சின்னது. உள்ளே நுழையாமல் வெளியே தள்ளிக்கொண்டு வந்தால் பெரியது. இரண்டு காதுக்கும் ஒரே அளவு டிப் என்று சட்டமில்லை. பலருக்கு ஒரு பக்கம் மீடியம், மறுபக்கம் ஸ்மால்தான் சரியாக இருக்கும். ஃபோம் டிப் என்றால் விரலால் உருட்டிச் சுருக்கி உள்ளே வைத்து, அது விரியும் வரை அரை நிமிடம் விரலை எடுக்காமல் பிடிக்க வேண்டும். பிறகு ஒரு தனி ஆவர்த்தனம் போட்டுப் பாருங்கள். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை மட்டும் ‘டங் டங்’ என்று துல்லியமாகக் கேட்டு, தொப்பி மெலிந்து கேட்டால் எங்கோ காற்று கசிகிறது.

காது அடைபடுவதால் வருகிற வேறு சங்கடங்களும் உண்டு. உடம்புக்குள் எழும் சத்தம் எலும்பு வழியாக வந்து, வெளியேற வழியில்லாமல் குழாய்க்குள்ளேயே தங்கிப் பெருகும். நடந்தால் காலடி தலைக்குள் இடிக்கும். முறுக்கு கடித்துக்கொண்டு பாட்டு கேட்பது நடக்காத காரியம். வீட்டில் யாராவது கூப்பிட்டாலும் காதில் விழாது. குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று கேட்டால் முழிப்போம். வீட்டில் பொறுப்பு உள்ளவர்களுக்கு ஓபன் பேக்கின் குறையே குணமாகிவிடும் இடம் இது.

காதின் ஆரோக்கியமும் இருக்கிறது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் காதில் பூஞ்சைத் தொற்று அதிகம் வரும். தலைக்குக் குளித்த ஈரத்தோடோ, எண்ணெய் வைத்துக் குளித்த அன்றைக்கோ உடனே ஐ.இ.எம்.மைச் செருகிக்கொண்டு மணிக்கணக்கில் இருப்பது அந்தப் பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுப்பது. காதில் ஏற்கெனவே சீழோ அரிப்போ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பக்கமே வரக் கூடாது, அவர்களுக்கு ஹெட்போன்தான். டிப்பை வாரம் ஒரு முறையாவது கழற்றிக் கழுவிக் காயவைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்துகொண்டே வந்தால் டிரைவர் போய்விட்டது என்று பயப்படுவதற்கு முன் முனையில் உள்ள வலையைப் பாருங்கள். குறும்பி அடைத்திருக்கும்.

பஸ்ஸிலும் ரயிலிலும் கேட்பவர்களுக்குக் கேள்வியே இல்லை. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபெலுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். 90 டெசிபெலில் கேட்டால் வாரம் 4 மணி நேரத்திலேயே அந்த ஒதுக்கீடு தீர்ந்துவிடும். இன்ஜின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று ஓபன் பேக்கில் ஏற்றிக்கொண்டே போனால் 90 ஒன்றும் பெரிய தூரமில்லை. இங்கே ஐ.இ.எம்., இல்லையென்றால் சத்தத்தைச் சத்தத்தால் கொல்லும் ஏ.என்.சி. வசதி உள்ள இயர்பட்ஸ். ஏ.என்.சி. யோசனை அமர் போஸுக்கு வந்ததும் 1978இல் ஒரு விமானப் பயணத்தில்தான். ஒரே சீராக ஒலிக்கும் தாழ்ந்த இரைச்சலில் அதற்குத் திறமை அதிகம். ஃபேனின் உறுமலையும் நன்றாகக் குறைக்கும். ஆனால் இயர்பட்ஸின் பேட்டரி சில வருடத்தில் தளர்ந்துவிடும், பெரும்பாலானவற்றில் மாற்றவும் முடியாது. கேபிள் போட்ட ஐ.இ.எம்.மில் முதலில் அறுவது கேபிள்; அதைக் கழற்றி வேறு போட்டுக்கொள்ளலாம்.

போனிலிருந்து ஓட்டுவதைப் பற்றித் தேவைக்கு மேல் பயமுறுத்துகிறார்கள். எச்டி 600க்கு 300 ஓம் மின்தடை. ஒரு வோல்ட் கொடுத்தால் சுமார் 97 டெசிபெல் தரும். போனில் செருகி ஹெட்போனை மாட்டும் சாதாரண டாங்கிள் ஒரு வோல்ட் கொடுத்தால் திரைப்பாட்டுக்கு அது போதும். மெல்லப் பதிவான பழைய கச்சேரிகளுக்குத்தான் சத்தம் தீர்ந்துபோய், சக்தியைக் கூட்டித் தரும் ஆம்ப் தேட வேண்டிவரும். ஐ.இ.எம்.முக்கு இந்தக் கவலை இல்லை, எதிர்க் கவலை உண்டு: கொஞ்சம் சக்திக்கே பலமாக ஒலிப்பதால், மட்டமான ஆம்பில் ‘உஸ்’ என்ற இரைச்சலும் சேர்ந்து கேட்கும். பேலன்ஸ்டு ஆர்மச்சர் நாலைந்தை அடுக்கிய விலை கூடிய மாடல்களில், ஆம்பின் வெளியீட்டு மின்தடை அதிகமானால் தொனியே மாறிப்போகும்.

விலைக்கு வந்தால் நிலவரம் தலைகீழாகிவிட்டது. ஒரு காலத்தில் நல்ல ஐ.இ.எம். என்றால் பணக்காரர் சமாசாரம். செயற்கைக் காதும் இலக்கு வளைவும் எல்லோர் கைக்கும் எட்டிய பிறகு, சீனத்துச் சிறு நிறுவனங்கள் அந்த வளைவை இரண்டாயிரம் ரூபாய்க்குள் எட்டிப் பிடிக்கத் தொடங்கின. 2022இல் வந்த மூன்ட்ராப் சூ, 7ஹெர்ட்ஸ் ஜீரோ மாதிரியானவற்றைக் கேட்டால் இந்தக் காசுக்கு இவ்வளவா என்றிருக்கும். அதே இரண்டாயிரத்துக்குக் கிடைக்கும் பெரிய ஹெட்போன்களில் பெரும்பாலானவை கூட்டில் பாதி, விளம்பரத்தில் பாதி. பெரிய டிரைவர், ஹெட்பேண்ட், பேட், பெட்டி என்று செலவு கூடிவிடுவதால் மிச்சம் ஒலிக்குப் போவதில்லை. ஒரே விதிவிலக்காக எனக்குத் தோன்றுவது காஸ் போர்ட்டா ப்ரோ. 1984இலிருந்து அதே உருவத்தில் வருகிறது. காதை மூடாமல் மேலே தொட்டுக்கொண்டு நிற்பதால் வேர்க்காது. ஃபேன் சத்தம் உள்ளே வரும், அது வேறு விஷயம்.

ஆகவே முதல் வாங்கலுக்கு, காதில் நோய் இல்லாதவராக இருந்தால், ஐ.இ.எம். அதிலும் மொத்தக் காசையும் ஐ.இ.எம்.மிலேயே கொட்டாமல் முந்நூறு நானூறு ரூபாயை டிப்புக்கு ஒதுக்குங்கள். சிலிக்கானில் இரண்டு வகை, ஃபோமில் ஒன்று. ஒரு மாதம் கேட்ட பிறகும் ‘எல்லாம் தலைக்குள்ளேயே இருக்கிறது’ என்ற குறை தீராவிட்டால் ஓபன் பேக் பக்கம் போகலாம், ஏ.சி. அறையோ இரவு நேர அமைதியோ உங்களுக்கு வாய்த்திருந்தால். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் தப்பில்லை. எச்டி 600 மாதிரி மாடல்களுக்குப் பேடும் கேபிளும் தனியாகக் கிடைக்கும், மாற்றுவது கை வேலை. பேரம் பேசும்போதே புதுப் பேடின் விலையைக் கழித்துக்கொள்ளுங்கள். ஐ.இ.எம்.மைச் செகண்ட் ஹேண்டில் வாங்குவதானால் பழைய டிப்பை அப்படியே குப்பையில் போட்டுவிட வேண்டும்.